துணைக் குத்தகையாளர் கூடுதல் நாள் கேட்கும்போது: கோலாலம்பூரில் கால நீட்டிப்பை முதன்முறையாக மதிப்பிடுபவர்களுக்கு

கட்டடம் கட்டும் முதன்மைக் குத்தகை நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப் பிரிவில் நீங்கள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு திங்கட்கிழமை காலை உங்கள் மேசையில் தடித்த கோப்பு ஒன்று கிடக்கும். உங்கள் நிறுவனத்திடமிருந்து ஏர்கோன் வேலையை எடுத்துச் செய்யும் துணைக் குத்தகையாளர் 75 நாள் கூடுதலாகக் கேட்டிருப்பார். மேலாளர் போகிறபோக்கில், "பார்த்து ஒரு பதில் எழுதிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விடுவார்.

அந்த வார்த்தைக்கு 'மறுப்புக் கடிதம் எழுது' என்று பொருள் கொண்டவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி எழுதிய கடிதங்கள் பல. அவற்றில் ஒன்று, குழாய் வேலை செய்த ஒரு பெரியவருக்குப் போனது. அவர் நேரிலேயே வந்துவிட்டார். "தம்பி, மாடியைத் திறந்துவிடாமல் என்னை எப்படி வேலை செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் ஒப்பந்த விதியைக் காட்டினேன். விவகாரம் பிறகு, கட்டுமானப் பணச் சண்டைகளை விசாரிக்கும் தீர்ப்பாளரிடம் போனது. எந்த மாடியை எந்த நாளில் அவரிடம் ஒப்படைத்தோம் என்பதற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அவரிடம் இருந்தது. தாமதத்துக்கென்று அவர் கட்டணத்தில் கழித்த பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பெரியவருக்கு அந்தப் பணம் வந்து சேர்வதற்குள் அவரிடம் வேலை செய்த ஆட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அது இன்றும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை மறுப்பது அல்ல, எண்ணுவது. அவருக்குச் சேர வேண்டிய நாள் எத்தனையோ அத்தனையும் கொடுக்க வேண்டும். சேராத நாளில் ஒன்றைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்

கட்டுமானத் தளத்தில் எல்லோரும் இஓடி என்று சொல்லும் கால நீட்டிப்பு, பணம் கொடுப்பது ஆகாது. முடிக்க வேண்டிய தேதியைத் தள்ளி வைப்பது மட்டுமே. ஆனால் தேதி தள்ளிப் போனால், எல்ஏடி எனப்படும் தாமத இழப்பீட்டை எந்த நாளிலிருந்து கழிக்கலாம் என்பதும் தள்ளிப் போகிறது. மலேசியாவில் ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 75-ஆம் பிரிவை ஒட்டி நீண்ட காலம் வாதம் நடந்தது. 2018-இல் க்யூபிக் எலக்ட்ரோனிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், உண்மையான நட்டத்தை ஒவ்வொரு முறையும் நிரூபித்தாக வேண்டியதில்லை என்றும், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை நியாயமற்றது என்றால் அதைக் காட்டும் சுமை ஒப்பந்தத்தை மீறியவருடையது என்றும் தீர்ப்பளித்தது. அதன்பிறகு ஒரு நாளுக்கு எவ்வளவு என்ற சண்டை பெரிதும் அடங்கிவிட்டது. எத்தனை நாள் என்ற சண்டைதான் அதிகம் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சண்டையின் நடுவில்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தாமதத்துக்கு நாமே காரணமாக இருந்து, அதற்கு நாள் கொடுக்க ஒப்பந்தத்தில் வழியும் இல்லை என்றால், குறித்த தேதியே செல்லாமல் போய்விடக்கூடும். பிறகு 'நியாயமான காலத்துக்குள்' முடித்தால் போதும் என்ற நிலை வரும். தாமத இழப்பீடு கழிக்கும் உரிமையும் கை நழுவும். இங்கிலாந்தின் 1970-ஆம் ஆண்டு பீக் வழக்கை இதற்கு இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். லிவர்பூலில் அடுக்குமாடி வீடுகளுக்கு அடித்தூண் போட்ட துணைக் குத்தகையாளரின் வேலையில் குறை இருந்தது உண்மை. ஆனால் வேலை நின்றுபோன 58 வாரங்களில் பெரும்பகுதி, வேலை கொடுத்த நகராட்சி முடிவெடுக்காமல் இழுத்ததால் வந்தது. அதனால் நகராட்சியால் தாமத இழப்பீட்டைக் கேட்க முடியவில்லை. தவறு செய்தவரிடமிருந்தும் பணம் கேட்க முடியாமல் போனதுதான் இந்த வழக்கில் நாம் பார்க்க வேண்டியது.

முதல் படி: ஒப்பந்தத்தை வாசியுங்கள், கோரிக்கையை அல்ல

கோப்பைத் திறப்பதற்கு முன் வேலை ஒப்படைப்புக் கடிதத்தை எடுங்கள். கோலாலம்பூரில் பெரும்பாலான துணைக் குத்தகைகள் அச்சிட்ட படிவத்தில் இருப்பதில்லை. பத்துப் பதினைந்து பக்கக் கடிதம் ஒன்று இருக்கும். அதில் 'முதன்மை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்' என்று ஒரு வரி இருக்கும். உரிமையாளரோடு நாம் செய்த அந்த முதன்மை ஒப்பந்தம், தனியார் கட்டடமாக இருந்தால் மலேசியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் பிஏஎம் 2006 அல்லது பிஏஎம் 2018 படிவமாகவும், அரசு வேலையாக இருந்தால் பொதுப்பணித் துறையின் பிடபிள்யூடி 203ஏ படிவமாகவும் இருக்கும். பிஏஎம் படிவத்தில் கால நீட்டிப்பு 23-ஆம் விதியில் இருக்கிறது. 203ஏ படிவத்தின் 2010 பதிப்பில் 43-ஆம் விதி.

துணைக் குத்தகையாளரைக் கட்டடக் கலைஞர் நியமித்தாரா, நாமே தேர்ந்தெடுத்தோமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நியமிக்கப்பட்டவர் என்றால் அவருக்கெனத் தனி அச்சுப் படிவம் இருக்கும். கட்டடக் கலைஞருக்கும் இதில் பங்கு இருக்கும். நாமாக ஒரு தேதியைக் கொடுத்துவிட முடியாது.

கடிதத்திலிருந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டியவை: தொடங்கும் நாள், முடிக்கும் நாள், நாளொன்றுக்கு எவ்வளவு இழப்பீடு, எந்தெந்தக் காரணத்துக்கு நாள் கேட்கலாம், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், நாம் எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தாள் கடைசிவரை உங்கள் கணினிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: அறிவிப்பு எப்போது வந்தது

பிஏஎம் படிவத்தில், தாமதத்துக்குக் காரணமான கட்டளையோ நிகழ்வோ தொடங்கிய நாளிலிருந்து 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிப்பது நாள் பெறும் உரிமைக்கு முன்நிபந்தனை. துணைக் குத்தகைக் கடிதங்களில் பலர் இதை 14 நாள் என்று குறைத்து வைப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. கீழிருந்து தகவல் வந்தபிறகு மேலே கட்டடக் கலைஞருக்கு அறிவிக்க நமக்கும் அவகாசம் வேண்டும். அரசுப் படிவம் நாள் எண்ணிக்கை சொல்லாமல், உடனடியாக அறிவிக்க வேண்டும் என்கிறது.

அறிவிப்பு தாமதமாக வந்தது என்றால் அதை எழுதுங்கள். ஆனால் அங்கேயே பேனாவை மூடிவிடாதீர்கள். 'அறிவிப்பு காலம் கடந்தது. அப்படிக் கடக்கவில்லை என்று கொண்டாலும் எங்கள் கணக்கு இத்தனை நாள்' என்று இரண்டையும் சேர்த்து மதிப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி அறிவிப்பு ஆகுமா, ஆகாதா என்று தீர்ப்பாளர் எப்படிப் பார்ப்பார் என்பதை உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கூட்டக் குறிப்பில் அவர் மூன்று முறை முறையிட்டதை நம் மேலாளரே கையெழுத்திட்டிருக்கும்போது, தனிக் கடிதம் வரவில்லை என்று மட்டும் சொல்லி நிற்பது வலுவான இடமல்ல.

மூன்றாம் படி: அவர் கதைக்கு முன் உங்கள் தேதிகள்

அவருடைய கோரிக்கையில் கதை இருக்கும். யார் எழுதினாலும் கதை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதனால் அதை வாசிப்பதற்கு முன், உங்கள் பதிவுகளிலிருந்து தேதிகளை மட்டும் எடுத்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். சைட் டைரி, மாடி ஒப்படைப்புத் தாள், கூட்டக் குறிப்பு, வரைபடம் அனுப்பிய கடிதம், பொருள் வந்திறங்கிய டெலிவரி ஆர்டர், அன்றைய ஆள் எண்ணிக்கை, தேதியுள்ள புகைப்படம். இவ்வளவும் அலுவலகத்தில் கிடைக்காது. தளத்துக்குப் போங்கள். தள மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கேட்டால் வரும் தகவல், மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் வராது.

டைரியில் 'மழை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதிப் பதிவு. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த வேலை நின்றது, ஆட்களை எங்கே மாற்றினார்கள் என்பது இல்லாத குறிப்பு இரு தரப்புக்கும் உதவாது. இன்று முதலே உங்கள் தள ஆட்களை அப்படி எழுத வையுங்கள். அடுத்த ஆண்டு நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்.

நான்காம் படி: இது யாருடைய சுமை

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, இது யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள். கட்டடக் கலைஞர் வரைபடத்தை மாற்றினாரா? அது உரிமையாளர் பக்கம். 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போன்றவை யாருடைய கையிலும் இல்லை. துணைக் குத்தகையாளர் போதிய ஆட்களைக் கொண்டுவராதது, பொருளைத் தாமதமாக வாங்கியது, நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாதது ஆகியவை அவருடைய சுமை. பெருநாள் எப்போது வரும் என்பது நாள்காட்டியில் இருக்கிறது; அதைத் தன் அட்டவணையில் அவர்தான் வைத்திருக்க வேண்டும்.

நான்காவதாக ஒரு வகை உண்டு. நம்மால் வந்த தாமதம். நாம் கான்கிரீட்டைத் தாமதமாகப் போட்டோம், வேறொரு துணைக் குத்தகையாளர் இடத்தைக் காலி செய்யவில்லை, பாரம் தூக்க கிரேன் கிடைக்கவில்லை. இதற்கு மேலிருந்து நமக்கு ஒரு நாளும் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது, நம் தவறுதானே. ஆனால் கீழே இருப்பவருக்கு நாம் கொடுத்தாக வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தில் அவரைத் தடுத்தவர் நாம்தான்.

"கட்டடக் கலைஞர் எங்களுக்கு இன்னும் நாள் கொடுக்கவில்லை, அதனால் உங்களுக்கும் இல்லை" என்று ஒரு வாசகம் இந்த ஊரில் கடிதத்துக்குக் கடிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்க நியாயமாகவே தோன்றும். 'முதன்மை ஒப்பந்த நிபந்தனைகள் பொருந்தும்' என்ற வரி அவர்களுக்குத் துணையாக இருப்பதுபோலவும் தெரியும். ஆனால் அந்த வரி நிபந்தனைகளைத்தான் கீழே கொண்டுவருகிறது, மேலே உள்ள முடிவுகளை அல்ல. இரண்டும் இரண்டு ஒப்பந்தம், இரண்டு முடிவு நாள், இரண்டு வேலைத்தொடர். மேலே கிடைக்காத நாள் கீழே சேரலாம். மேலே கிடைத்த நாள் கீழே தேவைப்படாமலும் போகலாம்: கட்டடம் முழுவதும் 60 நாள் தள்ளிப்போனது என்பதற்காக, அந்தக் காரணம் தொடாத ஒருவருக்கும் 60 நாள் என்று அள்ளிக்கொடுப்பதும் தவறுதான்.

ஐந்தாம் படி: அந்தக் காரணம் முடிவு நாளைத் தொட்டதா

ஒரு வேலை பத்து நாள் தாமதமானால் கட்டடமும் பத்து நாள் தாமதமாகும் என்பதில்லை. சில வேலைகளுக்குப் பின்னால் காத்திருக்க ஆள் இல்லை; அவற்றுக்குக் கையிருப்பு நாட்கள் இருக்கும். அதையே ஃபுளோட் என்கிறார்கள். கையிருப்பே இல்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு முடிவு நாள்வரை ஓடும் வேலைத்தொடர் கிரிட்டிக்கல் பாத். தாமதம் இந்தத் தொடரைத் தொட்டால்தான் நாள் சேரும். இதற்குத் துணைக் குத்தகையாளரின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். முழுக் கட்டடத்தின் அட்டவணையைப் பார்த்து, 'உங்கள் வேலை எங்களுக்குக் கிரிட்டிக்கல் அல்ல' என்று எழுதுவது பொருந்தாது. அவருக்கு நாம் குறித்த முடிவு நாளைக்கொண்டுதானே அவரிடம் இழப்பீடு கழிக்கப் போகிறோம்!

விரிவான மென்பொருள் பகுப்பாய்வு எல்லாக் கோரிக்கைக்கும் தேவையில்லை. இருபது மாடிக் கட்டடத்தில் ஒரே வகை வேலை செய்பவருக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

செந்தூலில் இருபது மாடிக் கட்டடம். குளிர்காற்றைக் கொண்டுபோகும் குழாயான டக்ட் போடும் துணைக் குத்தகையாளர் 2025 மார்ச் 3 அன்று தொடங்கி ஆகஸ்ட் 29 அன்று முடிக்க வேண்டும், 180 நாள். தாமத இழப்பீடு நாளொன்றுக்கு 3,000 ரிங்கிட். அவர் கேட்டிருப்பது 75 நாள். 8 முதல் 12 வரையான மாடிகள் தாமதமாகக் கிடைத்ததற்கு 28 நாள், 15 முதல் 17 வரையான மாடிகளில் வரைபடம் மாறியதற்கு 20 நாள், மழைக்கு 27 நாள்.

மாடிகளை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்த இணைப்பின்படி எட்டாம் மாடியை ஏப்ரல் 15 அன்று ஒப்படைத்திருக்க வேண்டும். கான்கிரீட்டைத் தாங்க வைத்த முட்டுக்கம்பிகள் அகற்றப்படாமல் கிடந்ததால் மே 13 அன்றுதான் ஒப்படைத்தோம். இடையில் 28 நாள். அவர் கேட்டது சரிதான் என்று தோன்றும். ஆனால் ஆள் எண்ணிக்கைத் தாளைப் பாருங்கள். ஏப்ரல் 15 அன்று அவர் ஆட்கள் இன்னும் ஆறாம் மாடியில் இருந்தார்கள். அவருடைய வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், எட்டாம் மாடிக்கு அவர் ஏப்ரல் 25-க்கு முன் வந்திருக்க முடியாது. நாம் மாடியைத் திறந்து வைத்திருந்தாலும் அந்தப் பத்து நாள் போயிருக்கும். அவரை உண்மையில் நிறுத்தி வைத்தது ஏப்ரல் 25 முதல் மே 13 வரை. 18 நாள்.

இந்தப் பத்து நாளைப் பற்றிக் கற்றவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இரு தரப்புத் தாமதமும் ஒன்றாக ஓடும்போது துணைக் குத்தகையாளருக்கு நாள் கொடுக்க வேண்டும், பணம் மட்டும் கொடுக்க வேண்டியதில்லை என்பது ஒரு பார்வை. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் வெளியிட்ட நெறிமுறையின் 2017-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, உண்மையிலேயே ஒன்றாக ஓடும் தாமதத்துக்கு அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒருவர் ஏற்கெனவே தன் தாமதத்தால் பின்தங்கி, மற்றவரின் தாமதம் முடிவு நாளை அதற்கு மேல் தள்ளவில்லை என்றால், அந்தப் பகுதிக்கு நாள் இல்லை என்ற பக்கமே அந்த நெறிமுறை சாய்கிறது. ஒப்பந்தத்தில் எழுதப்படாதவரை அந்த நெறிமுறை மலேசியாவில் யாரையும் கட்டுப்படுத்தாது. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஆறாம் மாடியில் அவர் மெதுவாக இருந்ததற்கும் நாமே காரணமா என்பதை மட்டும் மறக்காமல் சரிபாருங்கள். எட்டாம் மாடி கிடைக்காது என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருந்து, அதனால் அவர் ஆட்களைக் குறைத்திருந்தால், கணக்கு அடியோடு மாறும்.

அடுத்து வரைபடம். கட்டடக் கலைஞரின் கட்டளை ஜூன் 3 அன்று வந்தது. புதிய டக்ட் செய்து முடிக்க 21 நாள், அதாவது ஜூன் 24. அந்த மாடிகளுக்கு அவர் வர வேண்டியது ஜூலை 7. ஆகவே தயாரிப்புக்கு என்று நாள் சேராது. ஆனால் வேலை கூடியிருக்கிறது: 240 சதுர மீட்டர் கூடுதல் டக்ட். அவருடைய சொந்த அட்டவணை நாளொன்றுக்கு 40 சதுர மீட்டர் என்கிறது. ஆறு வேலை நாள். ஒரே ஆட்கள் மாடிக்கு மாடி ஏறிப்போவதால் இது முடிவு நாளைத் தொடுகிறது. ஒப்பந்தம் நாள்காட்டி நாளில் எண்ணுகிறது என்பதால் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஏழு நாள். வேலை நாளையும் நாள்காட்டி நாளையும் குழப்புவது மிகச் சாதாரணமான பிழை; அனுபவசாலிகளும் செய்கிறார்கள். இன்னொன்றையும் இந்த இடத்தில் பாருங்கள். இந்தக் கட்டளைக்கு மேலே கட்டடக் கலைஞரிடம் நாமும் ஜூலை 1-க்குள் அறிவித்தோமா? கீழே வந்த கோரிக்கையைப் படிக்கும்போதே மேலே போக வேண்டிய அறிவிப்பும் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

மூன்றாவது மழை. கோலாலம்பூரில் வேலை செய்பவர்களுக்கு மழை புதிதல்ல. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் இருண்டு இடியோடு கொட்டும். படிவங்கள் 'மழை' என்று சொல்லவில்லை, வழக்கத்தை மீறிய கடுமையான வானிலை என்கின்றன. வழக்கம் எது என்று தெரிந்தால்தான் மீறியது எது என்று தெரியும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையிடம் தளத்துக்கு அருகிலுள்ள நிலையத்தின் மாத மழை அளவைக் கேட்டு வாங்கி, கடந்த பல ஆண்டுகளின் அதே மாதச் சராசரியோடு வைத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்ததுபோல் பெய்தால் யாரும் வாதாடப் போவதில்லை. சாதாரண ஏப்ரல் மாதப் பிற்பகல் மழை அந்த வகை அல்ல. மேலும் இவருடைய வேலை பெரும்பாலும் கூரைக்குக் கீழே நடக்கிறது. 27 பிற்பகல் மழை பெய்தது உண்மை. கூரைமேல் வேலை நின்றது நான்கு நாள். அந்த வேலைக்கு 15 நாள் கையிருப்பு இருந்தது. ஆகவே மழைக்கு நாள் இல்லை.

18-உம் 7-உம் சேர்ந்து 25. புதிய முடிவு நாள் செப்டம்பர் 23. அவர் உண்மையில் முடித்தது அக்டோபர் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் 38 நாளுக்கு 114,000 ரிங்கிட் கழித்திருப்போம். நம் கணக்கின்படி 13 நாளுக்கு 39,000. இடையில் நிற்கும் 75,000 ரிங்கிட் ஒரு சிறிய நிறுவனத்துக்கு இரண்டு மாதச் சம்பளமாக இருக்கலாம். அதில் பெரும்பகுதி நம் முட்டுக்கம்பிகளால் வந்தது என்பதையும் கவனியுங்கள். அந்த 18 நாளை மேலே கேட்க முடியாது. அது நம் செலவு. மேலாளருக்கு இது பிடிக்காது. கணக்கைக் காட்டுங்கள், தேதிகளைக் காட்டுங்கள். மறுத்து, பிறகு தீர்ப்பாளர் முன் இழப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நிறுவனத்துக்கு நல்லது.

பணம் வராததால் வேலையை நிறுத்தியிருந்தால்

இது தனி வகை. சிப்பா என்று நாம் சொல்லும் 2012-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழில் பணம் செலுத்தல், தீர்ப்புச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. தீர்ப்பாளர் கொடுக்கச் சொன்ன தொகையை நாம் கொடுக்கவில்லை என்றால், துணைக் குத்தகையாளர் எழுத்தில் அறிவித்து, 14 நாளுக்குள்ளும் பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தவோ வேகத்தைக் குறைக்கவோ 29-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அப்படி நிறுத்தினால் அது ஒப்பந்த மீறல் ஆகாது. நியாயமான கால நீட்டிப்பும் அவருக்குச் சேரும். ஒப்பந்தத்தில் அந்தக் காரணம் எழுதப்படவில்லை என்று மறுக்க முடியாது. தீர்ப்பு எதுவும் இல்லாமல், மாதக் கட்டணம் தாமதமானது என்று அவராகவே ஆட்களைத் திருப்பி அனுப்பியிருந்தால், அது வேறு கதை. ஒப்பந்த வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மேலிருந்து பணம் வந்தால்தான் உங்களுக்கு என்ற நிபந்தனையை இதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு செல்லாததாக்கிவிட்டது. அது பணத்தைப் பற்றியது, நாளைப் பற்றியது அல்ல. ஆனாலும் 'மேலே நாள் வந்தால்தான் கீழே' என்று எழுதும் கை, இந்தப் பிரிவை நினைத்துச் சற்று நிற்க வேண்டும்.

விவரம் போதவில்லை என்றால்

பல கோரிக்கைகளில் எல்லாக் காரணத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தமாக 75 நாள் என்று எழுதியிருப்பார்கள். எந்தக் காரணத்துக்கு எத்தனை நாள் என்று இருக்காது. 'விவரம் போதாது' என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பாதீர்கள். என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: எட்டாம் மாடியில் மே 13-க்கு முந்தைய இரண்டு வாரத்தின் ஆள் எண்ணிக்கை, டக்ட் பட்டறையின் தயாரிப்புப் பதிவு, திருத்திய அட்டவணை. பிஏஎம் 2006 படிவத்தில் போதிய விவரம் கிடைத்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கட்டடக் கலைஞர் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் துணைக் குத்தகையில் அப்படி எண்ணிக்கை இல்லாவிட்டாலும் அதே ஆறு வாரத்தை நீங்களே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரியாதவருக்கு எத்தனை ஆட்களை வைத்துக்கொள்வது, இரவு வேலை செய்வதா என்பது எதுவும் தெரியாது. வேலை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு கொடுக்கும் நாள் அவருக்குக் கணக்குத் தீர்க்கத்தான் உதவும், வேலையைத் திட்டமிட உதவாது.

கடிதம் எழுதும் முன் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பேச்சின் தொடக்கத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று இரு தரப்பும் சொல்லிவிட்டு, தேதி அட்டவணையை நடுவில் வைத்துப் பாருங்கள். பாதிச் சண்டை தேதியிலேயே தீர்ந்துவிடும். எங்கள் தள ஆட்கள் மறைத்த ஒரு தேதியை நான் இப்படித்தான் ஒருமுறை தெரிந்துகொண்டேன்.

முடிவுக் கடிதம்

ஒவ்வொரு காரணத்துக்கும் தனிப் பத்தி. அவர் கேட்ட நாள், நாம் ஏற்ற நாள், எந்தப் பதிவை வைத்து ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை. கடைசியில் புதிய முடிவு நாள் தேதியாகவே இருக்க வேண்டும். '25 நாள் நீட்டிப்பு' என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அடுத்த சண்டை தொடங்கும். நாள் கொடுத்தது கூடுதல் செலவை ஒப்புக்கொண்டதாகாது என்று ஒரு வரி சேருங்கள். பணக் கோரிக்கைக்கு வேறு விதி, வேறு ஆதாரம். கடுமையான சொற்கள் எதற்கு? இந்தக் கடிதத்தை உங்களை அறியாத ஒருவர் மூன்று ஆண்டுக்குப் பிறகு, ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையம் நியமித்த தீர்ப்பாளராக வாசிக்கக்கூடும். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

புதிய தேதியும் தாண்டிய பிறகு வேலை தொடர்ந்தால், பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, நேரம் கடந்து செய்ததை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கும் எண்ணத்தை அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்கிறது. செப்டம்பர் 24 காலையிலேயே சுருக்கமான கடிதம் ஒன்று போகட்டும்: வேலையைத் தொடர அனுமதிக்கிறோம், தாமத இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுவிடவில்லை.

அக்டோபர் 6 அன்று அவர் முடித்த பிறகு கோப்பை ஒருமுறை திரும்பத் திறந்து பாருங்கள். முதல் மதிப்பீட்டின்போது கையில் இல்லாத பதிவு இப்போது வந்திருக்கலாம். மே மாதத்தில் பன்னிரண்டாம் மாடியிலும் முட்டுக்கம்பி கிடந்ததைக் காட்டும் புகைப்படம் ஒன்றை அவர் கொண்டுவந்து, அது இன்னும் மூன்று நாளைத் தின்றது என்று பதிவுகளும் சொன்னால், அந்த மூன்று நாளையும் சேருங்கள். முடிவு நாள் செப்டம்பர் 26 ஆகும். கழிக்கும் தொகை 30,000 ரிங்கிட்டாகக் குறையும். அதைத் திருத்திய கடிதமாக எழுதி, முதல் கடிதத்தின் மேலேயே வைத்துக் கோப்பை மூடுங்கள்.